உப்பின் ஜனனம்

1807ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், லண்டன் நகரத்து ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்னும் விஞ்ஞானக் கழகத்தின் சோதனைச் சாலையிலே, ஹம்ஃப்ரி டேவி என்ற இருபத்தெட்டு வயது ரசாயன அறிஞர், உருகிய காரப் பொருள்களினூடே பெரிய மின்கல அடுக்குகளின் மின்சாரத்தைச் செலுத்தி, அதுகாறும் எவர் கண்ணிலும் தனித்துப் படாதிருந்த இரண்டு உலோகங்களை ஒன்றன்பின் ஒன்றாக வெளிக்கொணர்ந்தார். முதலில் கிடைத்தது பொட்டாசியம். சில தினங்களுக்குப் பின் சோடாக்காரத்திலிருந்து கிடைத்தது சோடியம். பொட்டாசியத்தின் சிறு மணிகள் உருகிய காரத்தின் மேலாடையைப் பிளந்துகொண்டு எழுந்து, காற்றுப் பட்ட மாத்திரத்தில் தீப்பற்றியதைக் கண்ட டேவி, ஆனந்தம் தாங்காமல் அறை முழுவதும் துள்ளித் திரிந்தார் என்று, அவருக்கு உதவியாக இருந்த உறவினர் எட்மண்ட் டேவி பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். கனமும் உறுதியும் நிலைபேறுமே உலோகத்தின் லட்சணங்கள் என்று இரும்பையும் செம்பையும் பொன்னையும் பார்த்துப் பழகிய மனிதகுலம் கொண்டிருந்த நம்பிக்கையை, தண்ணீரில் மிதப்பதும், கத்தியால் அறுபடுவதும், 98 டிகிரி உஷ்ணத்திலேயே உருகிவிடுவதுமான சோடியமும் கலைத்துவிட்டது. புதிதாக அறுத்த முகம் வெள்ளியின் பிரகாசத்தோடு இருக்கும்; சிறிது நேரத்தில் காற்றின் ஈரம் பட்டு மங்கிப் போகும். தண்ணீரில் இட்டால் சீறிக்கொண்டு ஓடி, நீரைப் பிரித்து ஹைட்ரஜனை விடுவித்து, பல சமயங்களில் வெடிக்கவும் செய்யும். ஆகவே இதனை மண்ணெண்ணெயில் மூழ்க வைத்தே பாதுகாக்கிறார்கள்.

குளோரினின் சரித்திரம் இதற்கு முப்பத்து மூன்று ஆண்டுகள் முந்தியது. ஸ்வீடன் தேசத்தில் மருந்து தயாரிக்கும் தொழிலைச் செய்துகொண்டே ரசாயன ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த கார்ல் வில்ஹெல்ம் ஷீலே, 1774இல், மாங்கனீஸ் தாதுவை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டுச் சூடாக்கியபோது, மூச்சைத் திணற வைக்கும் பசுமஞ்சள் வாயு ஒன்று எழுந்ததைக் கண்டார். அது ஒரு மூலகம் என்பதை அவர் உணரவில்லை. ஆக்ஸிஜன் அடங்கிய ஏதோ ஒரு கூட்டுப்பொருள் என்றே அக்காலத்து அறிஞர் பலரும் கருதினர். பழுக்கக் காய்ச்சிய கரியை அந்த வாயுவில் வைத்தும்கூட அதிலிருந்து ஆக்ஸிஜனைப் பெற முடியவில்லை என்று காட்டி, அது தனி மூலகமே என்று 1810இல் நிலைநாட்டியவரும் அதே டேவிதான். காற்றைப்போல் இரண்டரை மடங்கு கனமுள்ள இந்த வாயு தரையோடு தரையாகத் தவழ்ந்து பள்ளங்களில் நிறையும் சுபாவம் உடையது. அந்தச் சுபாவத்தை அறிந்தே, 1915 ஏப்ரல் 22ஆம் தேதி, பெல்ஜியத்தில் ஈப்ர் நகரத்தருகே பதுங்கு குழிகளில் இருந்த போர்வீரர்கள்மீது ஜெர்மானியப் படை இதனைத் திறந்துவிட்டது. அந்தப் பாதகச் செயலை முன்னின்று நடத்திய ரசாயன அறிஞர் ஃபிரிட்ஸ் ஹாபரின் பெயர், முற்றிலும் வேறொரு காரணத்துக்காக, இந்த அத்தியாயத்தில் மீண்டும் வரும்.

சூடாக்கி உருக வைத்த சோடியத்தை இந்த வாயு நிறைந்த குடுவைக்குள் இறக்கினால், கண்ணைக் கூச வைக்கும் மஞ்சள் ஒளியோடு அது பற்றி எரிகிறது. வெண்புகை ஒன்று குடுவையை நிறைத்து, மெல்ல மெல்லப் பக்கங்களில் வெண்பொடியாகப் படிகிறது. அந்த வெண்பொடி நாம் சோற்றில் இடும் உப்பு. நீரைக் கண்டால் சீறும் உலோகத்தின் குணமும் அதில் இல்லை. நுரையீரலைப் புண்ணாக்கும் வாயுவின் குணமும் அதில் இல்லை. எவ்வளவு சோடியத்தை எடுத்துக்கொண்டாலும், 23 கிராம் சோடியத்துக்கு 35.5 கிராம் குளோரின் என்ற விகிதத்திலன்றி அவை சேர்வதில்லை. கூட்டுப்பொருள்கள் யாவும் இத்தகைய மாறாத விகிதத்திலேயே உண்டாகின்றன என்று பிரெஞ்சு அறிஞர் ப்ரூஸ்த் வாதிட்டு நிலைநாட்டிய வரலாறு தனி நூலுக்குரியது. இவ்வாறு 58.5 கிராம் உப்பு உண்டாகும்போது 411 கிலோஜூல் சக்தி உஷ்ணமாக வெளிப்படுகிறது. ஒரு லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும்.

இந்த மாறுதலின் அந்தரங்கத்தை அறிய, கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தாம்ஸன் எலெக்ட்ரானைக் கண்டறிந்த 1897ஆம் ஆண்டுவரையிலும், அதற்குப் பின்னும் இருபது ஆண்டுகள் வரையிலும் உலகம் காத்திருக்க வேண்டியிருந்தது. அணுவின் மையத்தில் நேர்மின்னேற்றம் உடைய கருவும், அதனைச் சூழ்ந்து அடுக்கடுக்கான சுற்றுகளில் எதிர்மின்னேற்றம் உடைய எலெக்ட்ரான்களும் இருக்கின்றன என்பதும், ரசாயனச் சேர்க்கை முழுவதும் வெளிச்சுற்றின் எலெக்ட்ரான்களைச் சார்ந்ததே என்பதும் மெல்ல மெல்லத் தெளிவாயின. சோடியத்தின் 11 எலெக்ட்ரான்கள் இரண்டு, எட்டு, ஒன்று என்று அமைந்திருக்கின்றன. குளோரினின் 17 எலெக்ட்ரான்கள் இரண்டு, எட்டு, ஏழு என்று அமைந்திருக்கின்றன. எவற்றோடும் சேராத மந்த வாயுக்களான நியானிலும் ஆர்கானிலும் வெளிச்சுற்றில் எட்டு எலெக்ட்ரான்கள் இருக்கக் கண்டு, சோடியம் தன் ஒற்றை எலெக்ட்ரானை இழந்து நியானின் அமைப்பையும், குளோரின் அதனைப் பெற்று ஆர்கானின் அமைப்பையும் அடைகின்றன என்று 1916இல் ஜெர்மனியில் வால்ட்டர் கோஸலும், எலெக்ட்ரான் அமைப்பைப் பற்றிய தம் பொதுக் கொள்கையின் பகுதியாக அமெரிக்காவில் கில்பர்ட் லூயிஸும் அறிவித்தார்கள். எலெக்ட்ரானை இழந்த சோடியம் நேர்மின் அயனியாகவும், பெற்ற குளோரின் எதிர்மின் அயனியாகவும் ஆகின்றன; எதிரெதிர் மின்னேற்றங்கள் ஒன்றையொன்று கவர்கின்றன; உப்பு உண்டாகிறது.

பள்ளிக்கூடத்துப் பாடம் பெரும்பாலும் இவ்விடத்தில் முடிந்துவிடுகிறது. சோடியம் எலெக்ட்ரானைக் கொடுக்கத் துடிக்கிறது, குளோரின் வாங்கத் துடிக்கிறது, கொடுத்தும் வாங்கியும் இரண்டும் திருப்தி அடைகின்றன என்ற சித்திரம் மாணவர் மனத்தில் ஆழப் பதிந்துவிடுகிறது. இது மனத்துக்கு இனிய சித்திரமே. ஆயினும் உண்மையின் பெரும்பகுதியை மறைத்துவிடும் சித்திரம். எந்த உலோகமும் தன் எலெக்ட்ரானை மனமுவந்து கொடுப்பதில்லை. கருவின் நேர்மின்னேற்றம் அதனைப் பிடித்து வைத்திருக்கிறது. அப்பிடியிலிருந்து விடுவிக்கச் சக்தியைச் செலவிட்டே தீரவேண்டும். அச்செலவை யார் ஏற்பது என்ற கேள்வியைக் கேளாமல் விட்டால், உலோகமும் அலோகமும் ஏன் சேர்கின்றன என்ற கேள்விக்கு விடையே சொல்லாதவர்களாகிறோம்.

ஒரு வியாபாரி வரவையும் செலவையும் பத்திவாரியாக எழுதிப் பார்ப்பதுபோல இந்தச் சேர்க்கையின் சக்திக் கணக்கை எழுதிப் பார்க்கும் முறையை, 1919இல் மாக்ஸ் பார்ன் என்பவரும் முன்னே சொன்ன ஃபிரிட்ஸ் ஹாபரும் வகுத்துத் தந்தார்கள். குளோரினைக் கொலைக்கருவியாக்கிய அதே அறிவு, நான்கே ஆண்டுகளில், அந்தக் குளோரின் உப்பாகும் ரகசியத்தை விளக்கவும் பயன்பட்டது என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. கணக்கைப் பார்ப்போம். 23 கிராம் சோடியத்தைக் கட்டியிலிருந்து தனித்தனி அணுக்களாக்க 107 கிலோஜூல் செலவு. இரண்டிரண்டு அணுக்களாகப் பிணைந்துள்ள குளோரினில் 35.5 கிராமைத் தனி அணுக்களாகப் பிரிக்க 121. சோடிய அணுக்கள் ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் எலெக்ட்ரானைப் பறிக்க 496. ஆக மொத்தச் செலவு 724 கிலோஜூல். இதற்கு எதிரே, அந்த எலெக்ட்ரான்களைக் குளோரின் அணுக்கள் ஏற்கும்போது கிடைக்கும் வரவு 349 மட்டுமே. எலெக்ட்ரான் கைமாறி முடிந்த நிலையில், அயனிகள் ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் நிற்குமானால், கணக்கில் 375 கிலோஜூல் நஷ்டம் நிற்கிறது. கொடுத்தலும் வாங்கலும் மட்டுமே சேர்க்கையின் காரணமாக இருந்திருந்தால், உலகத்தில் உப்பு என்ற பொருளே தோன்றியிருக்க முடியாது.

நஷ்டத்தை ஈடுசெய்வது அயனிகளின் அண்மை. நேர்மின் அயனியும் எதிர்மின் அயனியும் நெருங்க நெருங்கச் சக்தி வெளிப்படுகிறது. ஒரே ஒரு சோடிய அயனியும் ஒரே ஒரு குளோரின் அயனியும் இணையாக நெருங்கி வாயு நிலையில் நின்றாலே நஷ்டம் தீர்ந்து, மேற்சொன்ன அளவுக்கு 181 கிலோஜூல் லாபம் கிடைக்கிறது. ஆனால் அவை இணை இணையாக நின்றுவிடுவதில்லை. ஒரு சோடிய அயனியின் கவர்ச்சி நாற்புறமும் மேலும் கீழும் பரவுவதாகையால், ஒரு குளோரினைப் பிடித்ததோடு அது நின்றுவிட நியாயமில்லை. அதனைச் சுற்றி ஆறு குளோரின் அயனிகள் வந்து சேர்கின்றன. அந்த ஆறில் ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி ஆறு சோடிய அயனிகளைச் சேர்க்கின்றது. ஆறு குளோரின்களுக்கு அப்பால், சற்று எட்டத்தில், பன்னிரண்டு சோடியங்கள் நின்று தம் இனத்தை விலக்குகின்றன. அவற்றுக்கும் அப்பால் எட்டுக் குளோரின்கள் நின்று கவர்கின்றன. இவ்வாறு கவர்ச்சியும் விலக்கலும் மாறி மாறி எல்லையின்றி விரிந்து செல்லும் தொடரைக் கூட்டிப் பார்த்தால், அதே தூரத்தில் நிற்கும் ஒற்றை இணையின் கவர்ச்சியைவிட ஸ்படிகத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு அதிகமான கவர்ச்சி இருக்கிறது என்று தெரிகிறது. தனித்து நின்ற அயனிகள் இவ்வாறு ஸ்படிகமாகத் திரளும்போது கிடைக்கும் வரவு 787 கிலோஜூல். 375 நஷ்டத்தை இதிலே கழித்தால் 412 மிச்சம். நேரே உஷ்ணத்தை அளந்து கண்ட 411க்கு இது எவ்வளவு சமீபம் என்பதை வாசகர் கவனிக்கவேண்டும். குடுவைக்குள் கண்ணைக் கூச வைத்த அந்த மஞ்சள் தீயின் சக்தி, எலெக்ட்ரான் கைமாறியதால் வந்ததன்று. கோடி கோடி அயனிகள் கூடி வரிசையாக அடுக்கி நின்றதால் வந்தது.

இந்த அடுக்கை மனிதன் கண்டது சென்ற தலைமுறைகளின் மகத்தான காரியங்களில் ஒன்று. எக்ஸ் கதிர்களை ஸ்படிகங்களின் வழியே செலுத்தினால் அவை சிதறி ஒழுங்கான புள்ளிகளை உண்டாக்குகின்றன என்ற செய்தி 1912இல் ஜெர்மனியிலிருந்து வந்தது. லீட்ஸ் சர்வகலாசாலையில் பேராசிரியராக இருந்த வில்லியம் பிராகும், கேம்பிரிட்ஜில் பயின்றுகொண்டிருந்த அவர் குமாரர் லாரன்ஸ் பிராகும், அப்புள்ளிகளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, அடுத்த ஆண்டிலேயே உப்பின் உள்ளமைப்பை வெளியிட்டார்கள். இதற்கும் இதைத் தொடர்ந்த பணிகளுக்குமாகத் தந்தையும் மகனும் 1915இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது மகனுக்கு வயது இருபத்தைந்து. அடுத்தடுத்த சோடியத்துக்கும் குளோரினுக்கும் இடையே உள்ள தூரம், ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடிப் பங்காக்கினால் வரும் அளவில் மூன்றுக்குச் சற்றே குறைவு. ஆனால் ரசாயன அறிஞர்களைத் திகைக்க வைத்தது அந்தத் தூரமன்று. அந்த அமைப்பில் ஒரு சோடியத்தையும் ஒரு குளோரினையும் சுட்டிக்காட்டி, 'இவை இரண்டும் ஒரு மூலக்கூறு' என்று சொல்ல இடமில்லாமற் போனதே அவர்களைத் திகைக்க வைத்தது. ஆறு பேரில் யாரோடு யாருக்கு உறவு? எல்லோரோடும் சமமான உறவு. ஆகவே தனி மூலக்கூறு என்ற ஒன்றே உப்புக் கல்லில் இல்லை. முதுபெரும் ரசாயன ஆசிரியரான ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங், சதுரங்கப் பலகையைப்போல் உப்பை வரைந்து காட்டும் இக்கொள்கை புத்திக்கு ஒவ்வாதது என்று 1927இல் 'நேச்சர்' பத்திரிகைக்குக் கோபமாகக் கடிதம் எழுதினார். அவருடைய கோபம் தவறான இடத்தில் விழுந்ததேயாயினும், வாழ்நாள் முழுவதும் மூலக்கூறுகளையே கற்பித்த ஒருவர், நாட்டில் மிகச் சாதாரணமான பொருளுக்கே மூலக்கூறு கிடையாது என்று கேட்டு அதிர்ச்சியுற்றதைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

உப்பின் குணங்கள் அனைத்தும் இந்த அடுக்கிலிருந்து பிறக்கின்றன. கல்லுப்பைத் தட்டினால் அது நசுங்கித் தகடாவதில்லை. வழவழப்பான சதுர முகங்களோடு பிளந்து உடைகிறது. காரணம், ஓர் அடுக்கு ஓர் அயனியின் அளவுக்கு நகர்ந்தாலே சோடியத்துக்கு எதிரே சோடியமும் குளோரினுக்கு எதிரே குளோரினும் வந்து நிற்க, கவர்ச்சி விலக்கலாக மாறிக் கல் பிளந்துபோகிறது. அடுக்கைக் குலைத்து உருக வைக்க 801 டிகிரி உஷ்ணம் வேண்டியிருக்கிறது. கட்டியாக இருக்கையில் மின்சாரத்தைக் கடத்தாத உப்பு, உருகியதும் கடத்துகிறது. அயனிகள் கட்டியிலும் இருந்தன, நகர இடமில்லாமல் இருந்தன.

தண்ணீரோ 801 டிகிரி செய்யும் காரியத்தைச் சாதாரண உஷ்ணத்திலேயே செய்துவிடுகிறது. நீர் மூலக்கூறில் ஆக்ஸிஜன் பக்கம் சற்றே எதிர்மின்னும் ஹைட்ரஜன் பக்கம் சற்றே நேர்மின்னும் இருப்பதால், அவை அயனிகளைத் தனித்தனியே சூழ்ந்துகொண்டு அடுக்கிலிருந்து பெயர்த்துச் செல்கின்றன. கரைந்த உப்பு தனித்தனி அயனிகளாகவே உலவுகிறது என்ற கருத்துக்கு அடிப்படை இட்ட ஸ்வாந்தே அரீனியஸின் 1884ஆம் ஆண்டு ஆராய்ச்சியுரைக்கு உப்ஸாலா சர்வகலாசாலை மிகக் குறைந்த மதிப்பையே அளித்தது. பத்தொன்பது ஆண்டுகள் கழித்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உப்பளப் பாத்திகளில் கடல்நீரைப் பாய்ச்சி வெயிலில் காயவிடுகிறார்களே, அங்கே உப்பு புதிதாக உண்டாக்கப்படுவதில்லை. கடலில் சோடிய அயனியும் குளோரின் அயனியும் ஏற்கெனவே தனித்தனியே திரிகின்றன. இடையே நின்ற நீரைச் சூரியன் கவர்ந்து போக்கியதும் அவை மீண்டும் அடுக்கி நிற்கின்றன. பாத்தியில் உப்பு வாரும் தொழிலாளி கையில் எடுத்துப் பார்க்கும் கல், பிராக் கண்ட அதே சதுர ஒழுங்கை வெளியிலும் காட்டுகிறது.

மீண்டும் மூலகங்களாகப் பிரிப்பதுதான் கடினம். வெளிவந்த சக்தி அவ்வளவையும் திருப்பிச் செலுத்தினாலன்றி அது கைகூடாது; உப்பு நிறைந்த கடற்கரைகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்த மனிதர் சோடியத்தைக் காணாமற் போனது இதனாலேதான். 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் மின்சாரத்தை நம்பி அவ்வூரில் எழுந்த ரசாயனத் தொழிற்சாலை, உப்பு நீரை மின்சாரத்தால் பகுத்துக் குளோரினையும் காஸ்டிக் சோடாவையும் உண்டாக்கத் தொடங்கியது. காவிரியின் வீழ்ச்சி அங்கே இந்தச் செலவை ஏற்றுக்கொண்டது.

சோடியம் இழக்கும் எலெக்ட்ரான் ஒன்று என்றால் மக்னீஷியம் இழப்பது இரண்டு. மக்னீஷிய நாடா காற்றில் வெண்ணிறச் சுடரோடு எரிந்து வெண்சாம்பலாவதை மாணவர் பலரும் பார்த்திருப்பார்கள். மக்னீஷியத்தின் இரண்டு எலெக்ட்ரான்களைப் பறிக்க ஏறக்குறைய 2,190 கிலோஜூல் வேண்டும். வாங்கும் ஆக்ஸிஜனோ, முதல் எலெக்ட்ரானை ஏற்குமேயன்றி இரண்டாவதை ஏற்காது. ஏற்கெனவே எதிர்மின்னேற்றம் பெற்றுவிட்ட அணு இன்னோர் எலெக்ட்ரானை விலக்கவே செய்யும். அதனைத் திணிக்கவும் சக்தி வேண்டியிருக்கிறது. கொடுப்பவனுக்கும் கஷ்டம், வாங்குபவனுக்கும் கஷ்டம்; திருப்தி என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை. ஆயினும் இரட்டை மின்னேற்றம் உடைய இவ்விரு அயனிகள் நெருங்கி அடுக்கும்போது வரும் வரவு ஏறக்குறைய 3,800 கிலோஜூல் என்பதால், செலவு அத்தனையும் தீர்ந்து பெரும் லாபம் மிஞ்சுகிறது. மூன்றாவது எலெக்ட்ரானையும் கொடுத்து இன்னும் லாபம் பெறலாகாதா என்றால், அது உள்சுற்றைச் சேர்ந்தது. அதனை மட்டும் பறிக்க 7,730 கிலோஜூல் ஆகும். எந்த ஸ்படிகமும் அதை ஈடுசெய்யாது. மக்னீஷியம் இரண்டோடு நிற்பதற்குக் காரணம் இதுவே. இப்படி இறுகிய மக்னீஷியம் ஆக்ஸைடு 2,800 டிகிரிக்கு மேலேதான் உருகும். சேலத்துக்கருகே சுண்ணாம்புக் குன்றுகளென்று பெயர்பெற்ற இடத்தில் வெள்ளைக்கல்லை வெட்டிச் சுட்டு எடுப்பது இந்த ஆக்ஸைடைத்தான். எஃகு உலைகளின் உட்சுவர்ச் செங்கற்கள் இதனால் ஆனவை.

உலோகம், அலோகம் என்ற இரண்டு பெயர்களைக் கண்டதும் எல்லாச் சேர்க்கையும் இவ்விதமே என்று கொள்ளலாகாது. பாதரசமும் கந்தகமும் நம் சித்த வைத்தியர்கள் நெடுங்காலமாகச் சேர்த்துப் பழகியவை. இரண்டையும் கல்வத்தில் அரைத்தால் கறுப்புத் தூள் கிடைக்கிறது; மூடிய பாத்திரத்தில் எரித்துப் பதங்கமாக எடுத்தால் செக்கச் சிவந்த ஸ்படிகம் கிடைக்கிறது. இயற்கையில் சாதிலிங்கமாகக் கிடைப்பதும் இந்தச் செந்நிறப் பொருளே. ஆனால் இது உப்பைப்போல் நீரில் கரைவதில்லை, உருகி அயனிகளாவதுமில்லை, சூட்டில் ஆவியாக எழுந்து போகிறது. பாதரசம் தன் முதல் எலெக்ட்ரானையே 1,007 கிலோஜூல் அளவுக்கு, சோடியத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேலாக, இறுகப் பற்றியிருக்கிறது. கந்தகமோ குளோரினைப்போல் வலிந்து இழுப்பதில்லை. எனவே எலெக்ட்ரான் கைமாறாமல், இருவருக்கும் நடுவே பொதுவாக நின்று பிணைக்கிறது. அணுக்கள் எலெக்ட்ரானை இழுக்கும் வலிமையை லைனஸ் பாலிங் 1932இல் எண்களாக வரிசைப்படுத்தினார். இன்று வழங்கும் அளவின்படி சோடியத்துக்கு 0.9, குளோரினுக்கு 3.2, பாதரசத்துக்கு 2.0, கந்தகத்துக்கு 2.6. வித்தியாசம் பெரிதாக இருக்குமிடத்தில் அயனிகள். சிறிதாக இருக்குமிடத்தில் பங்கு. இடையிலே எண்ணற்ற படிகள்.

பொன் நிறம் மாறாதிருப்பதற்கும் இந்த வரவு செலவே ஆதாரம். பொன்னைத் தனி அணுக்களாக்க 368 கிலோஜூல், ஓர் எலெக்ட்ரானைப் பறிக்க 890 என்று தொடக்கச் செலவே மிகையாக இருப்பதால், காற்றின் ஆக்ஸிஜன் தரும் வரவு அதற்குக் கட்டுப்படியாவதில்லை. பல நூற்றாண்டுகள் மண்ணில் புதைந்து கிடந்த நாணயமும் பொன்னாகவே வெளிவருகிறது. ஆனால் எலெக்ட்ரானை இழக்க மறுக்கும் அதே பொன், எலெக்ட்ரானைப் பெறுவதற்கு மறுப்பதில்லை. உலோகங்களில் எலெக்ட்ரானை மிக எளிதில் இழக்கும் சீஸியத்தோடு அதனைச் சேர்த்தால், சீஸியம் நேர்மின் அயனியாகவும் பொன் எதிர்மின் அயனியாகவும் ஆகி, உலோகப் பளபளப்பு இல்லாத, மஞ்சள் நிறமுடைய, ஒளி ஊடுருவும் ஸ்படிகம் ஒன்று உண்டாகிறது. உருகிய நிலையில் அது மின்சாரத்தைக் கடத்தும் விதமும் உருகிய உப்பினுடையதே. அந்த ஸ்படிகத்தில் குளோரின் வகித்த ஸ்தானத்தைப் பொன் வகிக்கிறது.